வேருக்கும் மூச்சு உண்டு

வாடிய செடியைக் கண்டால் நாம் என்ன செய்கிறோம்? ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறோம். பெரும்பாலும் அது சரியான வைத்தியமாகவே அமைந்துவிடுகிறது. ஆனால், காலடியில் தண்ணீர் தேங்கி நிற்கும்போதே ஒரு செடி வாடினால் என்ன செய்வது?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவன் போடிநாயக்கனூரைச் சேர்ந்த என் மாணவன் ஒருவன். போடியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்திலுள்ள போடிமெட்டைக் கடந்தால் ஏலமலைத் தொடர் தொடங்கும். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று நீளும் அச்சரிவுகளில் போடிக்காரர்கள் பலருக்கு ஏலத்தோட்டங்கள் உண்டு. அவன் வீட்டாருக்கும் இரண்டு ஏக்கர் இருந்தது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கேரளத்தைப் புரட்டிப் போட்ட பெருமழை அந்தத் தோட்டத்தையும் விடவில்லை. மழை ஓய்ந்து வெயில் அடித்த பத்தாம் நாள் ஏலத்தட்டைகளின் இலைகள் சுருண்டு தொங்கின. தாகம் என்று எண்ணி, மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் பாய்ச்சினார்கள். மறுவாரம் பாதித் தோட்டம் சாய்ந்துவிட்டது.

"வேர்ல தண்ணி கெடக்கு சார். ஆனா கோடையில வாடுற மாதிரி வாடுச்சு. சரிவுல நின்னது பிழைச்சிருச்சு, சமதளத்துல நின்னது பூரா போச்சு. இது என்ன கணக்கு?" என்று அவன் கேட்டபோது என்னிடம் விடை இல்லை. நீர்மங்களின் பரப்பு இழுவிசையையும் வாயுக்களின் விரவலையும் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிவந்த நான், அவ்விரண்டும் ஒரு வேர் நுனியில் சந்திக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்ததே இல்லை. அதன்பின் தேடிப் படித்ததைத்தான் இங்கு உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். அந்தத் தேடல் நானூறு ஆண்டு வரலாற்றுக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது.

மண்ணைத் தின்கிறதா மரம்?

மரம் தன் உடலை எதிலிருந்து கட்டிக்கொள்கிறது? மண்ணிலிருந்துதான் என்று பன்னெடுங்காலம் நம்பப்பட்டது. பெல்ஜியத்தில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட் இதனைத் தராசில் நிறுத்துப் பார்க்கத் துணிந்தார். ஒரு தொட்டியில் 200 பவுண்டு உலர்ந்த மண்ணை இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டார். மழைநீரை மட்டும் ஊற்றினார். ஐந்து ஆண்டுகள் கழிந்தபின் மரம் 169 பவுண்டுக்கு மேல் எடை நின்றது. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்சு மட்டுமே! ஆகவே மரம் முழுவதும் நீராலேயே ஆனது என்று அவர் முடிவு செய்தார். அவர் மறைந்தபின், 1648-இல் இச்சோதனை நூலில் வெளிவந்தது.

சோதனை சரியானது, முடிவு தவறானது. காற்றிலுள்ள கரியமில வாயுவை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த 2 அவுன்சு மண்ணையும் அற்பமென்று ஒதுக்கிவிட்டார். ஆனால் அதில்தான் செடிக்கு இன்றியமையாத உப்புக்கள் அடங்கியிருந்தன. 1699-இல் இங்கிலாந்தின் ஜான் உட்வர்ட், புதினாச் செடிகளை மழைநீரிலும், தேம்ஸ் ஆற்று நீரிலும், தோட்டமண் கலந்த நீரிலும் வளர்த்துப் பார்த்தார். நீர் எவ்வளவுக்கு மண் கலந்திருந்ததோ அவ்வளவுக்குச் செடி செழித்தது. நீர் மட்டும் போதாது என்பது தெளிவாயிற்று.

1860-களில் ஜெர்மனியின் யூலியஸ் சாக்ஸும் வில்ஹெல்ம் குனோப்பும் அடுத்த படிக்கு ஏறினர். குறிப்பிட்ட சில உப்புக்களைக் குறிப்பிட்ட அளவில் கரைத்த நீரில், ஒரு பிடி மண்கூட இல்லாமல், செடிகளை வளர்த்துக் காட்டினர். மண்ணில்லா வேளாண்மை என்று நாம் இன்று சொல்லும் முறைக்கு வித்திட்டது இதுவே.

மறக்கப்பட்ட ஒரு சோதனை

சாக்ஸுக்கும் குனோப்புக்கும் முன்பே, 1804-இல், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரைச் சேர்ந்த நிக்கோலா தெயொடோர் த சொசூர் ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஒரு சோதனை கூறப்பட்டுள்ளது. இளஞ்செடிகளின் வேர்களை மட்டும் வெவ்வேறு வாயுக்கள் நிறைந்த கலங்களில் வைத்தார். இலைகள் வெளிக்காற்றில் இருந்தன. வேர்ப்பகுதியில் சாதாரணக் காற்று இருந்த செடிகள் பிழைத்தன. கரியமில வாயுவோ, நைட்ரஜனோ, ஹைட்ரஜனோ இருந்தவை மடிந்தன.

இலைதான் மூச்சு விடுகிறது என்று எண்ணியிருந்த உலகுக்கு, வேரும் மூச்சு விடுகிறது என்று அறிவித்த சோதனை இது. வேர் இருட்டில் உழைப்பது. இலை அனுப்பும் சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து, அதில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டுதான் அது வளர்கிறது; உப்புக்களை உள்ளே இழுக்கிறது. ஆக்சிஜன் கிடைக்காதபோது சர்க்கரையைப் புளிக்கவைத்துப் பிழைக்கப் பார்க்கும். ஆனால் அவ்வழியில் கிடைக்கும் ஆற்றல், ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்குதான். அரைப்படிக் கூலிக்கு முழுநாள் உழைப்பது போன்றதே இது; நெடுநாள் தாங்காது.

ஒரு சென்டிமீட்டரும் ஏழு மணி நேரமும்

"நீரிலும் ஆக்சிஜன் கரைந்திருக்கிறதே, மீன்கள் அதைத்தானே சுவாசிக்கின்றன?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கணக்கிட்டுப் பார்ப்போம்.

25 பாகை வெப்பநிலையில் ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உள்ளது. அதே வெப்பநிலையில், காற்றோடு நன்கு கலந்த ஒரு லிட்டர் நீரில் கரைந்திருப்பது சுமார் 8 மில்லிகிராம். அதாவது முப்பதில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. இருப்பு குறைவு என்பது மட்டுமன்று, போக்குவரத்தும் மந்தம். ஆக்சிஜன் மூலக்கூறுகள் காற்றில் விரவுவதைவிட நீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாக விரவுகின்றன. ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள காற்றைக் கடக்க ஆக்சிஜனுக்குச் சில விநாடிகள் போதும். ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள அசையாத நீரைக் கடக்கவோ ஏழு மணி நேரம் வேண்டும்!

இப்போது மண்ணை நினைத்துப் பாருங்கள். நல்ல மண்ணில் ஏறக்குறையப் பாதிதான் திடப்பொருள், மீதி நுண்துளைகள். சிறிய துளைகளில் நீர் தங்கும். பெரிய துளைகளில் காற்று உலவும். பெருமழையில் பெரிய துளைகளும் நீரால் அடைபட்டால், வேரைச் சுற்றியுள்ள ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடும். மேலிருந்து வர வேண்டியதோ ஒரு சென்டிமீட்டருக்கு ஏழு மணி நேரம் என்ற கணக்கில் வர வேண்டும். ஓடையில் ஓடும் நீர் கலங்கிக் கலந்து காற்றை உட்கொள்கிறது. மண்ணுக்குள் தேங்கிய நீருக்கு அந்த வாய்ப்பில்லை.

மண்ணை நாடிய இயற்பியலார்

மண்ணின் நீரையும் காற்றையும் அளவிட முதலில் முனைந்தவர்களில் ஓர் இயற்பியலாரும் இருந்தார் என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தந்த செய்தி. அமெரிக்க வேளாண்துறையின் மண்ணியல் பிரிவில் பணியாற்றிய எட்கர் பக்கிங்காம், 1904-இல் மண்ணினுள் வாயுக்கள் விரவுவதைப் பற்றியும், 1907-இல் மண்ணினுள் நீர் நகர்வதைப் பற்றியும் ஆய்வறிக்கைகள் வெளியிட்டார். ஒரே மனிதர் முதலில் மூச்சையும் பிறகு தாகத்தையும் ஆராய்ந்தார்! பரிமாணப் பகுப்பாய்வில் பக்கிங்காம் தேற்றம் என்று கல்லூரியில் படிக்கிறோமே, அதற்குரியவரும் இவரே.

மண் நீரை வெறுமனே நிரப்பி வைப்பதில்லை, இழுத்துப் பிடித்து வைக்கிறது என்பது அவர் காட்டிய உண்மை. இழுப்பது நுண்புழைக் கவர்ச்சி. துளை சிறுத்தால் பிடி இறுகும். அரை மில்லிமீட்டர் ஆரமுள்ள துளையில் நீர் 3 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். அதில் பத்தில் ஒரு பங்கு ஆரமுள்ள துளையில் 30 சென்டிமீட்டர் நிற்கும்.

இதிலிருந்து ஒரு வியப்பான முடிவு கிடைக்கிறது. அடியில் ஓட்டை உள்ள தொட்டியில் நீர் ஊற்றினால், எல்லா நீரும் வடிந்துவிடாது. அடிப்பகுதியில் ஓர் அடுக்கு எப்போதும் முழு ஈரமாகவே நிற்கும். அந்த அடுக்கின் உயரத்தைத் துளைகளின் அளவுதான் முடிவு செய்கிறது. பருமணலில் அது மூன்று விரற்கடை. பிசுபிசுத்த களிமண்ணில் ஒரு சாண், ஒரு முழம் என்று ஏறும். ஆகவே களிமண் நிரப்பிய சிறிய நாற்றுப் பையில், நீர் வடிந்தபிறகும் பை முழுவதுமே நீரால் அடைபட்டிருக்கலாம். அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் வடியும் என்று பலர் நம்புகின்றனர். மேலுள்ள நுண்துளைகள் தம் பிடியைத் தளர்த்தாதவரை நீர் கல்லுக்குள் இறங்காது. ஈர அடுக்கு கல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவே.

கலிபோர்னியாவும் காலிம்பாங்கும்

ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குவளையில் இருந்த நீர் வளர்ப்பை வயலளவுக்குக் கொண்டுவர முனைந்தவர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக். 1929-இல் இதனைப் பற்றி எழுதினார். பின்னர் மாடி உயரத் தக்காளிக் கொடிகளை வளர்த்து ஊரையே கூட்டினார். 1937-இல் இம்முறைக்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயர் அச்சேறியது. அவருடைய தொட்டியின் அமைப்பைக் கவனியுங்கள். கீழே உப்புக் கரைசல்; மேலே கம்பிவலை; வலையின் மேல் வைக்கோல் முதலான படுக்கை. வலைக்கும் நீருக்கும் இடையே காற்று இடைவெளி. கீழ்வேர் நீரைக் குடிக்க, மேல்வேர் மூச்சு விட்டது.

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோக்லாண்டும் ஆர்னானும் 1938-இல் வெளியிட்ட கையேட்டில் கனவுகளுக்குக் கடிவாளம் போட்டனர். நல்ல மண்ணைவிட நீர் வளர்ப்பு அதிசய விளைச்சல் எதையும் தந்துவிடாது என்றனர்; வேருக்குக் காற்றோட்டம் வேண்டும் என்பதையும் வலியுறுத்தினர்.

இக்கதையில் நம் நாட்டுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. 1946-47-இல், வங்காளத்தின் டார்ஜிலிங் மாவட்டத்துக் காலிம்பாங்கில், ஷோல்டோ டக்ளஸ் என்பவர் மண்ணில்லா வேளாண்மைச் சோதனைகளை நடத்தினார். பம்பும் குழாயும் மின்சாரமும் இல்லாத எளியவன் வீட்டு முற்றத்தில் இதைச் செய்ய முடியுமா என்பதே அவருடைய கேள்வி. தொட்டியில் பருங்கல் சில்லுகளையும் பொடிமணலையும் கலந்து நிரப்பினார். உப்பு உரத்தை உலர்ந்தபடியே தூவி, பூவாளியால் நீர் தெளித்தார். சில்லுகளுக்கிடையே காற்று, பொடியின் இடுக்குகளில் ஈரம்! இயந்திரம் செய்யும் வேலையைத் துளைகளின் அளவே செய்துவிட்டது. வங்காள முறை என்று உலகம் அதை அழைத்தது. 1951-இல் அவருடைய நூலும் வந்தது.

பின்னர் இங்கிலாந்தின் லிட்டில்ஹாம்ப்டனில் ஆலன் கூப்பர், சாய்வான கால்வாயில் படலம் போன்று மெல்லிய நீரை ஓடவிட்டு, வேர்ப்பாயின் மேல்புறத்தைக் காற்றில் விட்டார். இன்று பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னைநார்க் கழிவு கட்டிகளாக அழுத்தப்பட்டுக் கப்பலேறுகிறது. வெளிநாட்டுப் பசுமைக் குடில்களில் தக்காளிக்குப் படுக்கையாகிறது. ஈரத்தையும் காற்றையும் ஒருசேர வைத்திருப்பதே அதன் சிறப்பு. முறைகள் மாறினாலும் அனைவரும் தேடியது ஒன்றுதான்: வேருக்கு நீர் வேண்டும், மூச்சுத் திணறவும் கூடாது.

மூடிக்கொள்ளும் வாயில்கள்

சரி, மூச்சு முட்டிய செடி அழுகலாம், ஆனால் வாடுவானேன்? இதற்கான விடை அண்மைக் காலத்தில்தான் துலங்கியது. உயிரணுக்களின் சவ்வில் நீர் மட்டும் நுழையக்கூடிய நுண்ணிய வாயில்கள் உள்ளன. அக்குவாபோரின் எனப்படும் இப்புரதங்களை 1992-இல் இனங்கண்ட அமெரிக்கரான பீட்டர் ஆக்ரேக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே 2003-இல், பிரான்சின் மான்பெல்லியே நகர ஆய்வாளர்கள் மற்றோர் உண்மையைக் கண்டனர். ஆக்சிஜன் அற்றுப்போனால் வேர் உயிரணுவினுள் அமிலத்தன்மை கூடுகிறது; அமிலம் கூடியதும் இந்த வாயில்கள் மூடிக்கொள்கின்றன. பிறகு கடலளவு நீர் சூழ்ந்திருந்தாலும் உள்ளே செல்ல வழி குறுகிவிடுகிறது. மேலே வெயிலில் இலைகள் நீரை ஆவியாக்கிக்கொண்டிருக்க, கீழிருந்து வரவு குறைந்துபோக, செடி வாடுகிறது.

என் மாணவனின் தோட்டத்தில் நடந்தது இதுதான். மழை பெய்த நாட்களில் ஈரக்காற்றில் இலைகள் அதிகம் நீரிழக்கவில்லை. கேடு வெளித் தெரியவில்லை. வெயில் வந்ததும் குட்டு வெளிப்பட்டது. தாகம் என்று எண்ணி ஊற்றிய நீர், திணறிக்கொண்டிருந்த வேரின் கழுத்தை நெரித்துவிட்டது.

போதாக்குறைக்கு நோயும் சேர்ந்துகொள்கிறது. பித்தியம் என்னும் நுண்ணுயிர் நீரில் நீந்தும் வித்துகளைத் தோற்றுவிப்பது. வெளிநாட்டு நீர் வளர்ப்புத் தொட்டிகளில் வேரை அழிப்பதும் அதுவே; ஏலமலையில் தட்டையின் தூரை அழுகச் செய்வதிலும் அவ்வினத்துக்குப் பங்குண்டு. ஏலக்காய்களைத் தாக்கும் 'அழுகல்' நோய்க்குக் காரணமான பைட்டாப்தொராவும் அதன் உறவினமே. நலிந்த வேரும் தேங்கிய நீரும் சேர்ந்தால் இவற்றுக்கு வேட்டைதான்.

காடு கற்ற பாடம்

ஏலச்செடி மழைக்காட்டின் நிழலில் பிறந்தது. அதன் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் ஓரடிக்குள்ளேயே படர்கின்றன. ஆழத்து நீரை நாட அதற்கு வழியில்லை. ஆகவே ஈரம் ஓயாமல் வேண்டும். அதே வேர் தேக்கத்தையும் தாங்காது. முரணான இவ்விரு தேவைகளையும் காடு எப்படி நிறைவேற்றியது? மக்கிய சருகு மண்ணைப் பொலபொலவென்று வைத்தது. சிறுதுளைகளில் ஈரம் நின்றது. பெருந்துளைகளில் காற்று உலவியது. மிகுந்த நீரைச் சரிவு வடித்துவிட்டது. காலிம்பாங்கில் கல்லும் மணலும் கலந்து மனிதன் செய்ததை, ஏலமலையில் சருகும் சரிவும் கொண்டு காடு எப்போதோ செய்து வைத்திருந்தது.

கீழே கம்பம் பள்ளத்தாக்கில் நெல் மாதக்கணக்கில் நீரில் நிற்கிறதே என்று கேட்பீர்கள். நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழல்கள் உண்டு. இலை வழியே வரும் ஆக்சிஜன் அக்குழல்கள் வழியாக வேர் நுனிக்கு இறங்குகிறது. முத்துக் குளிப்பவன் மூச்சடக்கி மூழ்குவான். நெல் குழாய் வைத்துக்கொண்டு மூழ்குகிறது. ஏலத்துக்கு அந்த வசதி போதிய அளவு இல்லை.

2018-இல் வெள்ளம் என்றால், 2024-ஆம் ஆண்டுக் கோடையில் அதே மலையில் வறட்சியும் வெப்பமும் ஏலத்தைக் கருக்கின. படுதாக்குளங்கள் வற்றின, செடிகள் காய்ந்தன. இரு ஆண்டுகளிலும் இலை வாடிய கோலம் ஒன்றே, காரணங்கள் நேர்மாறானவை. இலையை மட்டும் பார்த்து வைத்தியம் செய்தால் என்ன ஆகும் என்பதை இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, வாடிய செடியைக் கண்டதும் குழாயைத் திறக்காதீர்கள். அரையடி தோண்டி ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிழிந்து பாருங்கள். உதிர்ந்தால் தாகம். விரலிடுக்கில் நீர் கசிந்து, அழுகல் வாடையும் வந்தால் மூச்சுத் திணறல். வேர் வெண்மையாக இருந்தால் நலம். பழுப்பேறிக் குழைந்திருந்தால் கேடு. திணறலுக்கு மருந்து தண்ணீர் அன்று, வடிகால். சமதளப் பாத்திகளில் மழைக்கு முன்னரே வடிகால் வெட்டுவதும், சருகு மூடாக்கைக் காப்பதும், நாற்றுப் பையில் மணலும் மக்கும் கலந்து துளைகளைத் திறப்பதும், கோடையில் ஒரே நாளில் கொட்டாமல் சிறுகச் சிறுக நீர் விடுவதும் இந்த இயற்பியலின் நேரடிப் பயன்களே.

முடிவாக, வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை. செங்கல் வடிவான, பாத்திரம் துலக்கும் பஞ்சு ஒன்றை நீரில் முழுக்க நனைத்து, படுக்கை வாட்டில் உள்ளங்கையில் ஏந்துங்கள். சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். இனி ஒரு துளியும் விழாது என்று தோன்றியதும், அதை நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். மீண்டும் நீர் வடியும்! பஞ்சு அதே பஞ்சு, துளை அதே துளை. உயரம் மட்டுமே கூடியது. அடியில் நீர் தங்கும் அடுக்கின் உயரம் மாறாததால், எஞ்சிய நீருக்குப் பஞ்சில் இடமில்லாமல் போயிற்று. ஆழமற்ற தொட்டியைவிட ஆழமான தொட்டியில் வேருக்கு மூச்சு அதிகம் என்பதை இத்தனை எளிதாக வேறெதுவும் காட்டாது.

என் மாணவனுக்கு இச்சோதனையை நான் செய்து காட்டியபோது அவன் படிப்பு முடிந்து போயிருந்தது. பஞ்சைத் திருப்பியதும் வழிந்த நீரைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னிக்கே இது தெரிஞ்சிருந்தா மோட்டாரைப் போட்டிருக்க மாட்டோம் சார்" என்றான். மறுநடவு செய்த தட்டைகளுக்கு இடையே இப்போது வடிகால் ஓடுகிறது. அதை வெட்டியவர்கள் அவனும் அவன் தந்தையும்தான். அன்று விடை தெரியாமல் நின்ற என் பங்கு, ஒரு ரூபாய்ப் பஞ்சு மட்டுமே.